வாசலில் ஓர் ஆய்வு

சாட்ஸ்வர்த், ஐந்தாம் யூனிட்.
நானூற்றுப் பன்னிரண்டு விடைபெறல்களை
ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்திருக்கிறேன்.
பல்கலைக்கழகம் இதற்குப் பணம் தந்தது என்றால்
மீன்கடை லோகாம்பாள் இன்னும் நம்பவில்லை.

முதல் "போயிட்டு வரேன்" தொடங்கி
கார் முனை திரும்பும்வரை
சராசரி முப்பத்தெட்டு நிமிடம்.
சாவியைக் கையில் எடுத்தவர்தான்
எடுக்காதவரைவிட அதிகம் நிற்கிறார்.
எஞ்சின் ஓடினால் இன்னும் பன்னிரண்டு.
போன மாத டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் ஒன்பது.
வெறும் டப்பாவாகக் கொடுத்தால்
(இரண்டே முறை நடந்தது)
பேச்சே இல்லை.

மழை ஒரு பொருட்டில்லை.
கூரையில் காத்திருந்து சலித்த குரங்குகள்
பின்கதவால் புகுந்து
ரொட்டியைத் தூக்கிப்போன நேரமும்
குறித்து வைத்திருக்கிறேன். அது வேறு கட்டுரை.

தீனதயாளன் மூட்லி மட்டும்
விடைபெற்று, வண்டியேறி,
ஏதோ நினைவு வந்தவராய் இறங்கி வந்து
இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டார்.
அவரை ஒருமுறை எண்ணுவதா இருமுறையா என்று
குழு கூடி வாதிட்டோம். டீ மூன்று சுற்று.

ஒரே ஒரு பதிவு, பதினொரு நொடி.
ப்ரெகாசன் டொராண்டோ கிளம்பிய காலை.
இரும்புக் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி
அவன் அம்மா "சரி" என்றாள்.
அவனும் "சரி."
"வரேன்" என்று யாரும் சொல்லாததால்
விதிப்படி அது விடைபெறலே அல்ல,
நீக்கிவிடு என்றார் மேற்பார்வையாளர்.
நீக்கினேன். சராசரி ஐந்து நொடி ஏறியது.

அன்று ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்திருந்தேன்.
அவள் கேட்டிலேயே நின்றது
ஐம்பத்து மூன்று நிமிடம்.
அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.