கடைசிக் காட்சியில் அவர் சொன்னது

காட்பாடி மேம்பாலம் இறங்கியதும் ஒரு கல்யாண மண்டபம்.
முந்தின நாள் முகூர்த்தத்து வாழைமரங்களை
இன்னும் அவிழ்க்கவில்லை.
அவற்றுக்கு நடுவே
உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்
வேற்றுக் கிரகத்தார்.

ஒருவன் கழுத்துவரை பச்சை.
ஒருத்தி அலுமினியத் தாளில், பார்சல் மாதிரி.
ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பையன்
யார் யாருடையதோ எக்ஸ்ரே படங்களைக் கோத்துக்
கவசமாக மாட்டியிருந்தான்.
ஜன்னலோரம் நின்றபோது
அவன் நெஞ்சில் இன்னொருவர் விலா எலும்பு.

நான் சுடிதாரில்தான் போனேன்.
சீட்டு முந்நூறு, மதியச் சாப்பாடு சேர்த்து.
நெற்றியில் மூன்றாம் கண் ஒட்டியிருந்தவள்
மணிக்கட்டில் முத்திரை குத்தி
'வான்பாதை ஒன்பதுக்கு நல்வரவு' என்றாள்.
மூன்றாம் கண் வியர்வையில் நழுவிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஏழரை மணி.
மேல்விஷாரத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு டிவி.
இஷா தொழுதுவிட்டு அத்தா திரும்புவதற்குள்
ஒரு கிரகம் அழிந்து இன்னொன்று பிழைத்துவிடும்.
கடைசி வாரம் கப்பல் அவரை விட்டுவிட்டுப் போனது.
மணல். மணல். கண்ணாடிக்குப் பின்னால்
கமாண்டர் முகம் மட்டும்.
'அண்டமே, என் மக்களிடம் சொல்,
நான் தோற்கவில்லை' என்றது
இடி மாதிரி ஒரு குரல்.
தெருவே மூக்கைச் சிந்தியது.

தில்ஷாத் அழவில்லை.
பிறவியிலிருந்தே காது கேட்காத என் தங்கச்சி,
ஒன்பது வயசு,
என் பாவாடையை இழுத்து,
கட்டைவிரலை உதட்டுக்குச் சாய்த்துக் காட்டினாள்:
அவர் தண்ணி கேக்குறாரு.

சிரித்தோம்.
'அண்டத்தோட பேசுறவரு தண்ணியா கேப்பாரு?'
அதைச் சொன்னது நான்தான்.
அவளுக்குப் புரியும்படி
கையாலும் சொன்னேன்.
அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

மேடையில், மாப்பிள்ளை நாற்காலியில் அவர்.
கனகசபாபதி. முழங்காலுக்கு பெல்ட்.
மேசையில் அதே ஹெல்மெட், விரிசலுக்கு செலோடேப்.
கையெழுத்து நூறு, போட்டோ இருநூறு.
வருகிறவர்கள் எல்லாம் அந்த வசனத்தைக் கேட்டார்கள்.
சொன்னார்.
மெல்லிய, கொஞ்சம் கீச்சென்ற குரல்.
முகங்கள் லேசாக வாடுவதைப் பார்த்தும்
பார்க்காதவராய் அடுத்த சீட்டை வாங்கினார்.

என் முறை.
'குரல் உங்களுது இல்லைன்னு தெரியும் சார்.
வாய் உங்களுதுதானே?
அன்னிக்கு என்ன சொன்னீங்க?'

பேனாவை மூடி வைத்தார்.
'பாலாறும்மா அது. விரிஞ்சிபுரம் தாண்டி. மே மாசம்.
ஹெல்மெட்டுக்குக் காத்து ஓட்டை கிடையாது.
வசனப் பேப்பரும் வந்து சேரலை.
சும்மா வாயசைங்க, அப்புறம் குரல் போட்டுக்கலாம்னாங்க.
தண்ணி, தண்ணின்னேன்.
ஷாட் பிரமாதம்னு கைதட்டினாங்க.'

இருபத்தாறு வருஷம்.
எங்கள் வீட்டிலிருந்து
ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருந்திருக்கிறது
அந்தக் கிரகம்.

போனில் தில்ஷாத்தை அழைத்தேன்.
பேரணாம்பட்டு ஷூ கம்பெனி, சாப்பாட்டு நேரம்.
விரலெல்லாம் பசை காய்ந்திருந்தது.
நடந்ததைக் கையால் சொன்னேன்.
மன்னிப்பு என்பதற்கான சைகையை
நாங்கள் இருவரும் அதிகம் பழகியதில்லை,
தடுமாறித்தான் வந்தது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
அவரைக் காட்டு என்றாள்.

கேட்காமலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார் மனிதர்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
கண்ணாடிக்குள் உதடு இருமுறை அசைந்தது.
தில்ஷாத் தலையாட்டினாள்,
கணக்கு சரி என்பதுபோல.
பிறகு ஒன்று கேட்டாள். நான் குரலாக்கினேன்:

'அப்புறமாவது யாராவது குடுத்தாங்களான்னு கேக்குறா சார்.'

உள்ளேயிருந்து ஏதோ சொன்னார்.
அதற்குள் கண்ணாடியில் ஆவி படர்ந்துவிட்டது.
எனக்குக் கேட்கவில்லை.
திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள்,
அவளுக்கும் தெரியவில்லை.
அவள் முதுகுக்குப் பின்னால் பெண்கள்
எழத் தொடங்கியிருந்தார்கள்.
மணி அடித்திருக்க வேண்டும்.