பொத்தான்

இருபத்திரண்டு வருடமாய்க்
குளிரை மாட்டிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன்.
ஊரளவு குளிரை நேரில் பார்த்ததில்லை.

மார்ச் கடைசியில் கம்பெனி அனுப்பியது,
என்னையும் ரோஸ்லானையும்,
சப்போரோவுக்கு. எட்டு நாள் பயிற்சி.
கோட்டு அவன் மச்சானுடையது. கை குட்டை.

நாங்கள் போனபோது பனி வெள்ளையாய் இல்லை.
தெருவோரம் குவிந்து, கரி பிடித்து,
ஈசூனில் தோண்டிப்போட்ட மண்மேடு மாதிரி கிடந்தது.
இதையா பார்க்க வந்தோம் என்றான் ரோஸ்லான்.
மேட்டின் விலாவில் ஒரு கையுறை.
சிவப்பு. பிள்ளையுடையது. ஒன்றே ஒன்று.
டிசம்பரில் விழுங்கியதைத்
தெரு இப்போதுதான்
வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்தச் சொட்டுச் சத்தம்.
எங்கள் தொழிலில் சொட்டு என்றால் புகார்.
வடிகுழாயில் பாசி, தட்டில் விரிசல்,
அல்லது போன முறை வந்தவன் சரியாய்ச் சாய்க்கவில்லை.
தூக்கத்தில் கேட்டாலும் கை ஸ்பேனரைத் தேடும்.
அங்கே ஊரே ஒழுகியது.
கூரை ஒழுகியது, பாலம் ஒழுகியது,
நிறுத்தி வைத்த சைக்கிளின் மணி ஒழுகியது,
காலடியில் ஐஸுக்குக் கீழே
கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஓடியது.
ஒருவரும் யாருக்கும் போன் போடவில்லை.

வகுப்பில் ஷிமோடா ஒரு வால்வைக் கழற்றிக் காட்டினார்.
நம் கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிது.
இது திரும்பினால்
குளிரூட்டும் பெட்டி அறையைச் சூடாக்கும்.
படித்ததுதான். பரீட்சையும் எழுதியிருக்கிறேன்.
ஆனாலும் வெளியே போய்
விசிறிக்கு முன்னால் கை நீட்டினேன்.
நம் ஊரில் மாவாட்டும் சூட்டில் அடிக்கும் காற்று
ஐஸாய் அடித்தது.
வெளியே அவ்வளவு குளிரிலும்
எடுக்க வெப்பம் இருந்திருக்கிறது.
கையை நான் உடனே எடுக்கவில்லை.

கடைசி நாள், பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்.
நாற்பது இருக்கும். காய்கறிப் பை, அதில் ஒரு நீள வெங்காயத் தாள்.
கட்டடத்தைத் தாண்டி வெயில் வந்ததும்
கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள்.
ஒரு பொத்தான்தான்.
கழுத்தை லேசாக நிமிர்த்திக்
கண்ணை மூடிக்கொண்டாள்.
பேருந்து வந்தது. மறுபடி போட்டுக்கொண்டு ஏறினாள்.

நாங்கள் வெயிலுக்குக் கூரை போட்டவர்கள்.
புளோக்கிலிருந்து எம்ஆர்டி வரை
நிழலிலேயே நடந்து பழகியவர்கள்.
அப்படி ஒரு முகத்தை
வெயிலுக்கு யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்த திங்கட்கிழமை
மார்சிலிங், ஒன்பதாம் மாடி.
திருமதி பொற்செல்வி கதவைத் திறந்த உடனே,
"மூணு நாளா ஒழுகுது, மெத்தையெல்லாம் போச்சு."
அறையில் ஒரு பச்சை வாளி.
பெட்டியின் ஓரத்திலிருந்து
டொக். கொஞ்ச நேரம் கழித்து, டொக்.
ஏணியை விரித்தேன், ஏறவில்லை.
"என்ன யோசிக்கிறீங்க?"
ஒன்றுமில்லை என்றேன்.
இன்னும் இரண்டு சொட்டு விழும்வரை நின்றேன்.

ரிமோட் பழசு. ரப்பர் தேய்ந்திருந்தது,
ஒரே ஒரு பொத்தானைத் தவிர:
சின்னதாய்ச் சூரியன் படம் போட்டது.
எல்லா ஊருக்கும் ஒரே அச்சில் செய்து அனுப்புகிறார்கள்.
நம் பெட்டியில் அந்த வால்வே கிடையாது,
அழுத்தினால் ஒன்றும் நடக்காது.
அவர் சமையலறைக்குப் போனபோது
அழுத்தினேன்.
காதில் விழுந்தது என்பது போல
ஒரு பீப்.

பிறகு குழாயை ஊதிப் பாசியை எடுத்தேன்.
ரசீதில் எழுதினேன்:
வடிகுழாய் அடைப்பு. சரிசெய்யப்பட்டது.
எண்பது வெள்ளி.