ஒன்றாம் தேதி

ஆடியில் யாரும் கல்யாணம் செய்துகொள்வதில்லை.
தண்டையார்பேட்டை மூன்றாம் மாடியில்
என் கம்ப்யூட்டர் தூசு வாங்கிக்கொண்டிருக்கிறது.

வைகாசியில் பார்த்திருக்க வேண்டும் என்னை,
போன வருஷத்து வைகாசியில்.
பதினோரு ஆல்பம்.
நான்கு மணப்பெண்களின் கன்னத்துப் பருவை
ஒரே ராத்திரியில் அழித்தேன்.
கண் மூடிவிட்ட ஒரு மாமனாருக்கு
வேறு படத்திலிருந்து கண்ணெடுத்து வைத்தேன்.
பணம் வந்தபடி இருந்தது.
மீன்பிடித் தடைக்காலத்தில்
காசிமேட்டில் முழு வஞ்சிரம் வாங்கினேன்
விலை கேட்காமல்.

பிறகு ஆடி.
வண்ணாரப்பேட்டை அடகுக்கடைக்கு
லென்ஸைக் கொண்டுபோனேன்.
கண்ணாடியை வச்சி நான் இன்னா பண்றது,
தங்கம் இருந்தா கொண்டா என்றார்.
கோமதியின் கம்மல் போனது.

கணக்கு எழுதாதவனில்லை நான்.
எக்செல்லில் ஒரு பத்திக்கு 'வரும்' என்று பெயர்.
அதில் மூலக்கடை ஸ்டுடியோ நாற்பதாயிரம்
ஒன்றரை வருஷமாக வந்துகொண்டேயிருக்கிறது.
பார்ட்டி இன்னும் குடுக்கல தலைவா.
அந்தப் பார்ட்டியின் வளைகாப்புப் படங்களே
திருத்தத்துக்கு வந்துவிட்டன.
வயிற்றைப் பார்த்ததும் வட்டி ஞாபகம் வந்தது.

எதிர்வீட்டு டெல்லிபாபு
எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை.
கம்மிதாம்பா, ஆனா ஒண்ணாந்தேதி வந்துடும்
என்று ஒருநாள் சொன்னான், பெருமைக்கு இல்லை,
பீடி பற்றவைத்தபடி சும்மா.
அந்த 'வந்துடும்' ராத்திரியெல்லாம் தூங்கவிடவில்லை.

ஆகவே தை பிறந்ததும்
என்னை நானே வேலைக்கு வைத்துக்கொண்டேன்.
வருவதெல்லாம் விழ ஒரு கணக்கு;
அதன் கார்டு கோமதியின் பீரோவில்.
அங்கிருந்து மாதம் பதினெட்டாயிரம்
இந்தக் கணக்குக்கு. அவ்வளவுதான்.

முதலாளி கஞ்சப் பிசினாறி.
இந்த வைகாசியில் போனஸ் கேட்டேன்,
ஆடி வருது என்றான்.
வஞ்சிரம் கேட்டேன், வீட்ல கருவாடு இருக்கு என்றான்.
சித்திரையில் கொஞ்சம் முன்பணம் கேட்டபோது
கண்ணாடியில் என்னைப் பார்த்தான்,
பதில் சொல்லவில்லை.

இன்று ஒன்றாம் தேதி.
காலையில் தண்ணி லாரிச் சத்தத்துக்கு நடுவே
செல்போன் அதிர்ந்தது:
பதினெட்டாயிரம் வரவு.

இந்த மாதம் ஒரு படம்கூடத் திருத்தவில்லை.
சம்பளம் வாங்கிவிட்டேன்.
கூச்சமாக இருந்தது.
எழுந்து கீபோர்டைத் துடைத்தேன்.
மூலக்கடைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை,
மறுபடி போட்டேன்.
'வரும்' பத்தியிலிருந்து அந்த நாற்பதை வெட்டி
பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி திறந்து ஒட்டினேன்.
அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

பெரிய கணக்கில் மீதி இருபத்தாறு.
அடுத்த மாதம் தாங்கும்.
புரட்டாசிச் சம்பளத்துக்குப் பத்தாயிரம் துண்டு விழும்.
ஆவணியில் இரண்டு ஆல்பம் சொல்லியிருக்கிறார்கள்,
சொல்லித்தான் இருக்கிறார்கள்.

இன்னா சொல்றாரு உன் முதலாளி,
அரிசி களைந்தபடி கேட்கிறாள் கோமதி.

வேலையை விட்டுத் தூக்கலையாம்.

என் கம்மலு?

கேட்டுப் பார்க்கிறேன்.