நூற்றுப் பதினேழாவது மூடு

கடையாலுமூட்டுச் சரிவில் முன்னூறு மூடு ரப்பர்.
நெற்றியில் விளக்கு, இடுப்பில் கத்தி,
மூணு மணிக்கு ஏறினால்
வெயில் உறைக்குமுன் இறங்கிவிடலாம்
மற்றவர்களால்.

எனக்கு நூற்றுப் பதினேழில் சிரட்டை சரிந்திருக்கும்.
சரியவில்லை, பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.
ஆனாலும் நூற்று முப்பதில் நின்று திரும்பி நடப்பேன்.
தொட்டுப் பார்ப்பேன், ஏழு தடவை.
ஆறாவதில் எண்ணம் பிசகினால் முதலிலிருந்து.
அதற்குள் மேல்வரிசைப் பால் உறைந்து
ஒட்டுப்பாலாகிக் கிடக்கும்.

முதலாளி எட்டு மாதம் பொறுத்தார்.
எமிலெட் பதினோரு வருஷம்.
மாத்திரைகள் நாக்கை உலர்த்தின, அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்தில் சொன்னார்கள்:
இது சோதனை, பலிக்குமென்று வாக்குத் தர முடியாது.
மண்டையில் இரண்டு துளை, இரண்டு கம்பி,
காறை எலும்பின் கீழே
தீப்பெட்டி கனத்தில் ஒரு பேட்டரி.
சம்மதத் தாளில் கையெழுத்து கோணியதென்று
புதுத் தாள் கேட்டேன், நாலு முறை.
அந்த டாக்டரம்மா சிரிக்காமல் எடுத்துத் தந்தாள்.

எவ்வளவு ஆழம் என்று கேட்டேன்.
சொன்ன கணக்கு எனக்குப் புரிந்தது.
பட்டைக்கும் தடிக்கும் நடுவே
நூலளவு விட்டு வெட்டுகிறவன் நான்.
கத்தி தடியில் பட்டால் அந்த இடம்
முண்டு முண்டாகப் புடைக்கும்,
பிறகு சரியாகப் பால் கசியாது.
"தடியில படாம பாத்துக்கிடுங்க" என்றேன்.

கரண்டைக் கூட்டிப் பார்த்த அன்று
ஒரு எண்ணில் பல்லெல்லாம் இரும்பு ருசி.
அடுத்த எண்ணில் சிரிப்பு வந்தது.
மச்சினன் கல்யாணத்தில்கூட அப்படிச் சிரித்ததில்லை.
வெட்கமாயிருந்தது, யாரோ சிரித்ததற்கு
என் வாயைக் கடன் கொடுத்ததுபோல.

இப்போது ஒரு மாதம் ஓடும், ஒரு மாதம் அணைந்திருக்கும்.
எது எந்த மாதமென்று எனக்குத் தெரியாது,
கேள்வி கேட்டு மார்க் போடும் டாக்டரம்மாவுக்கும் தெரியாது.
ஏதோ ஒரு உறையில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார்களாம்.

அன்றிலிருந்து புதுசாக ஒன்று:
காறை எலும்பின் கீழே தொட்டுப் பார்க்கிறேன்.
சுடுகிறதா, துடிக்கிறதா.
ஏழு தடவை.

இன்றைக்கு
நூற்று நாற்பத்தொன்றில் கத்தியை வைக்கும்போதுதான்
திரும்பி நடக்கவில்லையே என்பது நினைவு வந்தது.
கை நெஞ்சுக்குப் போனது.
விரலெல்லாம் பால்,
சட்டையில் ஒட்டுமே என்று பாதியில் இறக்கினேன்.

வாளியோடு ஏறிவந்த எமிலெட்
விளக்கை என் முகத்தில் அடித்தாள்.
"என்ன, இண்ணைக்கி இவ்வளவு தூரம் வந்தாச்சி?
மிசின் ஓடுதோ?"

தெரியாது பிள்ளே என்றேன்,
உறைக்குள்ள கெடக்கு.