தையலுக்கு விட்ட துணி

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடியில் இருக்கிறது ஷிபுவின் டிராவல்ஸ்.
பதினெட்டுப் படி.
பன்னிரண்டில் நின்று மூச்சு வாங்கினேன்.

மஸ்கட்டுக்கு ஒரு டிக்கெட் என்றேன்.
என்னை ஒருதரம் பார்த்துவிட்டு
திரையிடம் சொன்னான்:
"சேச்சிக்கு கொஞ்சம் வண்ணம் உண்டல்லோ."

பாறசாலைக்கு அந்தப் பக்கம் வண்ணம் என்றால் பருமன்.
இந்தப் பக்கம் நிறம்.
எல்லையில் பிறந்தவளுக்கு இரண்டும் தெரியும்.
தெரியாதவள் மாதிரி
"மாநிறந்தான் பிள்ளே" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. விதியைச் சொன்னான்.
கைப்பிடி முழுசாய் இறங்க வேண்டும்.
இறங்காவிட்டால் இரண்டு சீட்.
சில கம்பெனியில் பாதிக் காசு திரும்பும்,
இதில் திரும்பாது.

"சீட்டு எத்தனை இஞ்ச்?"
"பதினேழு."

இருபத்தாறு வருஷம் ஜாக்கெட் தைக்கிறேன்.
எவ்வளவு ஒல்லியானவள் வந்து நின்றாலும்
ஓரத்தில் ஒன்றரை இஞ்ச் துணி மடக்கி விடுவேன்.
பிள்ளை பெற்று வருவாள்,
தைராய்டு மாத்திரையோடு வருவாள்,
"எக்கா, பிரிச்சு விடணும்" என்பாள்.
பிரித்தால் அங்கே துணி இருக்கும்.
விமானத்தை வெட்டினவன் எவனோ
தையலுக்கு விடாமல் வெட்டியிருக்கிறான்.

பெனிலாவுக்கு எட்டாம் மாசம், கால் வீக்கம்.
வளையலைக் கழற்றி வைத்துப் பணம் கட்டினேன்.
டிக்கெட்டில் ஞானரெத்தினபாய்,
அடுத்த வரியிலும் ஞானரெத்தினபாய்.

திருவனந்தபுரத்தில்
பெட்டியை மெஷினில் வைத்தார்கள்.
என்னை வரிசையே நிறுத்துப் பார்த்துக்கொண்டது.

ஜன்னலோரம் எனக்கு. நடுவிலும் எனக்கு.
கடைசியாய் ஏறிய பூவாற்றுக்காரர் ஒருவர்
முழங்காலை மடக்க இடமில்லாத உயரம்,
"இது காலியா?" என்றார்.
"இல்ல, ஞானரெத்தினபாய் இருக்கா."
"எங்க?"
"பாதிதான் வந்திருக்கா."
கொஞ்ச நேரம் யோசித்தார்.
பிறகு சிரித்த சிரிப்பில்
முன்சீட்டுக் குழந்தை திரும்பிப் பார்த்தது.
பறந்து அரை மணி நேரத்தில்
அவருடைய ஒரு முழங்கால் என் நடுச்சீட்டின் முன்னால்.
கேட்காமல் வந்தது, இருக்கட்டும் என்று விட்டேன்.

சாப்பாடு ஒன்றுதான் கொடுத்தார்கள்.
மற்றவளுடையது எங்கே என்றேன்.
உள்ளே போய்க் கேட்டுவிட்டு
இன்னொன்று கொண்டுவந்தாள் அந்தப் பெண்.
திறக்காமல் பையில் வைத்தேன்,
இறங்கிய உடனே தின்ன ஒருத்தி இருக்கிறாள்,
அவளும் இப்போது ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல மறந்துபோனேன்.
ஏறி உட்கார்ந்ததும் பெல்ட் எட்டவில்லை.
அதே பெண் முதுகுக்குப் பின்னால் மறைத்து
ஒரு துண்டு பெல்ட் கொண்டுவந்தாள்,
யாருக்கும் தெரியக் கூடாது என்று.
அவள் மறைத்ததை
நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
ஓரம் மடித்து, குறுக்கே பெருக்கல் குறி போட்டு,
நூல் தெறிக்காமல்.
இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன்.

நல்ல தையல்.