கடல் பக்கத்துச் சுவர்

பேவியூ என்று பெயர் வைத்தவர்கள்
கடல் பக்கத்துச் சுவரில்
ஒரு சன்னல்கூட வைக்கவில்லை.

நகராட்சி ஆள் கோப்போடு வந்தார்.
"உங்கள் பேட்டையின் அடையாளத்தை வரையப்போகிறோம்."
கோப்புக்குள் கப்பல், கரும்பு, மயில்.
மயிலை இங்கே யார் பார்த்தது என்றாள்
மூன்றாம் மாடிக் கோகிலாம்பாள்.
கப்பல் இருக்கட்டும், கூரை ஒழுகுகிறது என்றார்
தனபாலன் நாயுடு.

ஓவியக்காரி நொம்புசோ
சாரத்தில் கால் தொங்கவிட்டு
ரொட்டிக்குள் ஊற்றிய பீன்ஸ் கறியை
வழித்துத் தின்றபடி
எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
மறுநாள் சன்னல்கள் வரையத் தொடங்கினாள்,
மாடிக்கு ஒன்றாக.

திரைச்சீலை நிறத்துக்கு
இரண்டு வாரம் சண்டை.
எங்களுக்குப் பச்சை கிடைத்தது,
நான் கேட்டது ஊதா.
கோகிலாம்பாள் திரையே வேண்டாமென்றாள்.
"உள்ளே ஒரு பல்பு எரியட்டும்.
ஆள் இருக்கிற வீடு."

டர்பன் பக்கம் விளக்குகள் மினுங்க
நேற்று எட்டு மணிக்கு
எங்களுக்கு மட்டும் மின்வெட்டு.
கட்டடம் முழுக்கக் கரி.
மேட்டில் திரும்பிய டாக்ஸியின் வெளிச்சம்
சுவரில் ஏறி
ஓரிடத்தில் மஞ்சளாக நின்றது.

கீழே யாரோ கத்தினார்கள்:
"மூணாம் மாடிக்கு மட்டும்
எப்படி கரண்ட்?"

கோகிலாம்பாள் பதில் சொல்லவில்லை.
உள்ளே
தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தாள்.