டாக்டர் ஓட்டின வண்டி

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினதும்
ஜபருல்லா ஒன்றே ஒன்று சொன்னான்:
"வண்டியைப் பார்த்துச் சிரிச்சிடாதீங்க அக்கா.
சிரிச்சா பத்தாயிரம் ஏறிடும்."

கொழிஞ்சாம்பாறையில், பெட்டிக்கடைக்குப் பின்னால்,
தேங்காய் விழாத பக்கமாகப் பார்த்து
நிறுத்தியிருந்தார் வின்சென்ட் அருளப்பன்.
இரண்டாயிரத்து ஒன்பது ஆக்சென்ட்.
சாம்பல் நிறம். ஆலுவா நம்பர்.
"டாக்டர் ஓட்டின வண்டிங்க" என்றார்.

இதுவரை நான் பார்த்த ஆறு வண்டிகளையும்
டாக்டர்களே ஓட்டியிருக்கிறார்கள்.
இத்தனை டாக்டர்கள் காரை விற்றுவிட்டு
எதில்தான் ஆஸ்பத்திரி போகிறார்களோ.
நான் சிரிக்கவில்லை.

கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன்.
எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில்
பால் கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்
பிளாஸ்டிக் ஸ்ட்ராபெரி.
முன்கதவில் சட்டென்று ஒட்டியது. பின்கதவிலும்.
இடது பின்சக்கரத்துக்கு மேலே வைத்தேன்,
வழுக்கித் தரையில் விழுந்தது.
"பட்டி" என்றான் ஜபருல்லா.
மலையாளப் பள்ளியில் படிக்கும் வின்சென்ட்டின் மகன்
நாய் எங்கே என்று திரும்பிப் பார்த்தான்.

மீட்டர் அறுபத்தோராயிரம் காட்டியது.
கிளட்ச் மிதியின் ரப்பரோ
ஆற்றுக் கல் மாதிரி வழவழவென்று
தன் கணக்கைத் தனியாக வைத்திருந்தது.
ஆயில் மூடியைத் திறந்து மோந்தான்.
சைலன்சர் வாயில் கர்ச்சீப்பைக் காட்டினான்.
ரேடியேட்டர் விசிறி எப்போது சுற்றும் என்று
காதைச் சாய்த்துக் காத்திருந்தான்.
எல்லாம் சுமார். எல்லாம் பேசித் தீரக்கூடியவை.

உள்ளே மட்டும் மல்லிகை.
கண்ணாடியில் தொங்கிய வாசனை அட்டைகள் மூன்று.
ஒரு காருக்கு மூன்று எதற்கு?

"அக்கா, பெல்ட்டை இழுங்க."
இழுத்தேன்.
"இன்னும்."
அவ்வளவு பருத்த மனிதர் எவரும்
அதில் உட்கார்ந்திருக்க முடியாது
என்கிற அளவுக்கு இழுத்தேன்.
கடைசி ஒரு சாணில், நேராக, காவியாக ஒரு கோடு.
அதற்குப் பிறகு நாடா விறைத்து
விரலில் மண் மண்ணாக உதிர்ந்தது.

ஜபருல்லா டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினான்.
பள்ளத்தில் மாவுபோல வண்டல்.
வண்டலில், மிளகளவு, ஒரு நத்தை ஓடு.

"வெள்ளத்துல நின்ன வண்டி.
பதினெட்டுல. சீட்டுக்கு மேல ஏறியிருக்கு."

இருபதாயிரம், முப்பதாயிரம் என்று மனசு
விலையைக் குறைக்கத் தொடங்கியபோதுதான்
வின்சென்ட்டைப் பார்த்தேன்.
நத்தை ஓட்டை உள்ளங்கையில் வைத்திருந்தார்.
"எங்கிட்டயும் டாக்டர் வண்டின்னுதான் சொன்னாங்க."
நாலு வருடம்.
வேளாங்கண்ணிக்கு மூன்று தடவை போய்வந்த வண்டி.

அடுக்களை ஜன்னலிலிருந்து ஒரு குரல்:
"அப்ப அந்த நாத்தம்?"
ஈரக் கையோடு வெளியே வந்தாள் குளோரி.
"நாலு வருஷமா
என் கருவாட்டுப் பையின்னு சொன்னீங்களே.
எங்கம்மா வீட்டுலருந்து
என்னைய பஸ்ஸுல வரச் சொன்னது
அதுக்குத்தானே?"

அதன்பிறகு அங்கே பேரம் இல்லை.
கணவாய்க் காற்று
மூன்று அட்டைகளையும் ஒருசேர ஆட்டியது.
அவள் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தாள்.
பிறகு காப்பி கொடுத்தாள், சர்க்கரை தூக்கலாக.
விலையை அவர்கள் சொல்லவில்லை,
நாங்கள் கேட்கவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜபருல்லாவைக் கேட்டேன்,
நனைந்த ஒயர் எத்தனை நாள் தாங்கும்?
"தாங்காதுக்கா" என்றான்.
அம்பராம்பாளையம் பாலம் வந்ததும்
"ஆறு வருஷம் தாங்கிடுச்சே" என்றான்.

சீட்டு எடுத்த ஒரு லட்சத்து நாற்பது
பீரோவிலேயே இருக்கிறது.
பால் கணக்கை மாட்டப் போகும்போதுதான்
ஸ்ட்ராபெரி இல்லாதது தெரிந்தது.

ஒன்பது மணிக்கு ஃபோன்.
"உங்க காந்தத்தைப் பையன் எடுத்து
முன்கதவுல ஒட்டி வச்சிருக்கான்.
வரும்போது வாங்கிக்கலாம்."

வந்தால் என்று சொல்லவில்லை.
வரும்போது.